கைகள் இறங்கிய பிறகு

“அவரைக் கொஞ்சம் பின்னாடி வரிசையில உக்கார வைக்க முடியாதாம்மா?”

“பின்னாடி உக்காந்தா என் கை தெரியாது சார்.”

“மத்தவங்க முன்னாடியே உக்காரட்டும். நான் அவரை மட்டும்தான் சொல்றேன். உங்க தம்பிதானே? நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?”

“அவன் பொறந்ததுலேருந்து யார் சொல்லியும் கேட்டதில்ல சார்.”

மேயரின் செயலாளருக்கு இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாதிச் சிரிப்பை உதட்டிலேயே நிறுத்திக்கொண்டு, கையிலிருந்த நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டார். மேடைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன அறையில் ஜன்னல் கிடையாது. கால் உடைந்த நாற்காலிகளும் சுருட்டி வைத்த பதாகைகளும் போன கூட்டத்தில் மிஞ்சிய தண்ணீர் பாட்டில்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மன்றம் நிரம்பிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மதியம், மேயர் ஊர்க்காரர்களை இங்கே கூப்பிட்டு உட்கார வைத்து, வரி எவ்வளவு வந்தது, எங்கே போனது, இனிமேல் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்வார். அவர் சொல்வதைக் காது கேளாதவர்களுக்குக் கைகளால் சொல்வதும், அவர்கள் கைகளால் கேட்பதை மேயருக்கு வாயால் சொல்வதும் அவள் வேலை.

“அதில்லம்மா. இன்னிக்கு வரி ஏத்தறோம். ஏற்கெனவே அவனவன் வயித்தெரிச்சலோட வந்து உக்காந்திருக்கான். இதுல உங்க தம்பியும் எந்திரிச்சாருன்னா... அவர் கோவம் நியாயந்தான், நான் இல்லேங்கல. கொஞ்சம் ஆத்தித் தாங்கன்னுதான் கேக்கறேன். கொதிக்கக் கொதிக்க அப்படியே மைக்ல ஊத்திடாதீங்க.”

“நான் வெறும் டம்ளர் சார். ஊத்துனதைத்தான் தர முடியும்.”

“டம்ளரோட ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.”

இப்போது அவர் முழுதாகச் சிரித்தார். அவள் தோளைத் தட்டப் போய், அது சரியில்லை என்று தோன்றி, பக்கத்தில் இருந்த பதாகையைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

கோபம் வந்தால் அவளுக்கு முகம் சிவக்காது, விரல்கள் சூடாகும். இரண்டு கைகளையும் ஒரு தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். தம்பி வந்து கேள்வி கேட்கப் போகிறான் என்று தெரிந்த அன்றே, இந்தக் கூட்டத்துக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டிருந்தாள். சொந்தக்காரர்களுக்குக் குரல் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். வேறு ஆள் என்று ஒருத்தர் இருக்கத்தான் செய்தார். சிக்கனம் என்று சொல்லி வருட ஆரம்பத்தில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை ஊருக்கு அறிவித்தபோது, அந்த அறிவிப்பையும் கைகளால் சொன்னவள் அவள்தான். ‘மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரை நான் நீக்குகிறேன்’ என்று, மேயராக நின்று, ‘நான்’ என்று தன் நெஞ்சையே தொட்டுச் சொன்னாள்.

அப்படித்தான் சொல்ல வேண்டும். ‘மேயர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. மேயர் பேசினால் அவள் மேயர். இரும்புக்கடைக்காரர் பேசினால் அவள் இரும்புக்கடைக்காரர். கூட்டாமல், குறைக்காமல், தன்னை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தன் ‘நான்’ஐ வாடகைக்கு விடுகிற வேலை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது சில சமயம் அதில் யாருடைய வாசனையோ அடிக்கும்.

மன்றத்தில் இடது பக்கம் முதல் இரண்டு வரிசை காது கேளாதவர்களுக்கு. மற்றவர்கள் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருக்க, அந்த இரண்டு வரிசையில் மட்டும் திருவிழாக் கூட்டம் மாதிரி பேச்சு. யாரோ யாருடைய புது முடிவெட்டையோ கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. தம்பியின் பெயர், புருவத்து வெட்டுத் தழும்பை ஒரு விரலால் கீறுவது. அவன் மனைவியின் பெயர், கன்னத்துக் குழியில் விரலை வைத்துத் திருகுவது. மேயரின் பெயர், கடைவாயிலிருந்து எதையோ பிடுங்குவது. அரசியலுக்கு வரும் முன்னால் அவர் இந்த ஊரின் பல் டாக்டர்.

தம்பி முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சவரம் செய்து, வெல்டிங் பட்டறையின் புகை ஏறாத ஒரே சட்டையைப் போட்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டில், மடியில் ஒரு தலையணை மேல், வேறு யாருடையதோ மாதிரிக் கிடந்தது.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், வேலை முடிந்து பஸ் டிப்போவுக்குப் போகிற சந்தில் நடந்துகொண்டிருந்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, பெரிய சாலைகளைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் ஏழு மணிக்குமேல் தெருவிளக்கை அணைக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த இருட்டில் மாநகராட்சியின் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. அது ரிவர்ஸில் வரும்போது தெருவையே எழுப்புகிற மாதிரிக் கத்தும் என்று எல்லோரும் சொன்னார்கள். சுவருக்கும் லாரிக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. எண்பது சதவீதம் சரியாகிவிடும், மறுபடியும் இஸ்திரி போடலாம் என்றார் எலும்பு டாக்டர். பேச முடியுமா என்று தம்பி கேட்டான். அக்காதான் அதை வாயால் சொன்னாள். டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. கைக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எக்ஸ்ரேயைத் தூக்கி மறுபடியும் வெளிச்சத்தில் பார்த்தார். இப்போது தம்பியின் மனைவி இடது கையால்தான் பேசுகிறாள். ஊரிலேயே வேகமாகப் பேசுகிறவள், ஜோக்குக்குப் பேர் போனவள். இன்று அவள் பேச்சு மழலையாகிவிட்டது. எதிரில் இருப்பவர்கள் பொறுமையாகத் தலையாட்டத் தொடங்கியதும் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

விளக்கை அணைப்பது என்றால் மேயருக்கு மின்கட்டணம். இவர்களுக்கு அது வாயைக் கட்டுவது. டிப்போ முனையில் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில்தான் வேலை முடிந்து எல்லோரும் கூடுவார்கள், சண்டை போடுவார்கள், பெண் பார்ப்பார்கள், கடன் கேட்பார்கள். இப்போது அந்த முனையில் யாரும் நிற்பதில்லை. இருட்டில் நின்று யார் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது? இதைத்தான் தம்பி கேட்க வந்திருந்தான். காலையில் வீட்டிலேயே அவளிடம் சொல்லிவிட்டான்: ‘முதல்ல நான். எனக்கப்புறம் இவ. நாங்க ரெண்டு பேரும் பேசுவோம். நீ சும்மா குரல் மட்டும் குடு.’

மேயர் வந்தார். கூட்டம் எழுந்து நிற்கவில்லை, ஆனால் முணுமுணுப்பு அடங்கியது. மெல்லிய குரல், சுத்தமான கைகள், யாரைப் பார்த்தாலும் ‘வாயைத் திறங்க பார்க்கலாம்’ என்பது போன்ற ஒரு கனிவு. அவரை வெறுப்பது கஷ்டம். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“சொத்து வரியில ஒரு சின்ன மாற்றம்,” என்று ஆரம்பித்தார். “முதல்ல கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். ஆனா இதை இப்பச் செய்யலேன்னா பின்னால வேர் வரைக்கும் போயிடும்.”

“பிடுங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, மரத்துப்போக ஊசியாவது போடுங்க டாக்டர்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மன்றம் சிரித்தது. அவள் அதையும் கைகளால் சொன்னாள். இரண்டு நொடி தாமதமாக முன்வரிசைகள் சிரித்தன. தம்பியின் மனைவி இடது கையால் தன் கடைவாயைப் பிடுங்கிக்காட்டிக் கண்ணை உருட்டினாள். மேயரும் நல்ல மனிதராகச் சிரித்தார்.

குப்பை வண்டி இனி ஒருநாள் விட்டு ஒருநாள். பூங்காவுக்குச் சுற்றுச்சுவர். தண்ணீர்க் கட்டணத்தில் மாற்றமில்லை, ஆனால் மோட்டார் பராமரிப்புக்கு என்று ஒன்று தனியாக. அவள் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. “இப்ப நாம எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கோம்னு படமாவே பார்த்துடலாம்,” என்று மேயர் சொன்னதும் யாரோ திரைச்சீலைகளை இழுத்தார்கள், யாரோ விளக்கை அணைத்தார்கள். மேயருக்குப் பின்னால் வெள்ளைத் திரையில் ஒரு பச்சைக் கட்டம் உயர்ந்து நின்றது.

“தெருவிளக்கு. நாம எடுத்த முடிவுகள்லயே எனக்கு ரொம்பப் பெருமையான முடிவு இதுதான்.”

அவள் கைகளை நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்பது பழக்கம். கறுப்புச் சட்டை, கறுத்த கைகள், மேடையின் ஓரத்து இருட்டு. யாருக்கும் தெரியாத இரண்டு கைகள் காற்றில், ‘எனக்கு ரொம்பப் பெருமையான முடிவு’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. கிணற்றுக்குள் நின்று பாடுகிறவளைப் போல இருந்தது அவளுக்கு. அப்போது முன்வரிசையில் ஒரு கைபேசி வெளிச்சம் எழுந்து தடுமாறி, அவள் வயிற்றில் பட்டு, மேலே ஏறி, கைகளில் வந்து நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்தாறு.

“யாருங்க அது? படம் தெரியாது பாருங்க. போனை அணைங்க ப்ளீஸ்.”

அவள் அதையும் சொன்னாள். மேயராக நின்று, தன் கைகளின் மேல் விழுந்த வெளிச்சத்திலேயே, ‘போனை அணைங்க’ என்றாள்.

வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து தம்பியின் ஒரு கை மட்டும் பேசியது. “அணைச்சா பேச்சு தெரியாது,” என்று அவள் அதை மைக்கில் சொன்னாள்.

“ஓ.” மேயர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “மன்னிச்சுக்கங்க. ரெண்டே நிமிஷம். முடிஞ்சதும் அம்மா உங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுவாங்க.”

செயலாளர் குனிந்தபடி முன்வரிசைக்கு வந்து, ஒவ்வொருவர் கைபேசியையும் கெஞ்சும் முகத்தோடு கீழே அமுக்கிவிட்டுப் போனார். அதன்பிறகு பச்சைக் கட்டத்தைப் பற்றி மேயர் பேசியதெல்லாம் காது கேட்கிறவர்களுக்கு மட்டும். விளக்கு மறுபடி எரிந்தபோது இரண்டு வரிசையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சுருக்கம் வேண்டும். ‘விளக்கை அணைச்சதுல நிறைய மிச்சம். எனக்குப் பெருமை,’ என்றாள். விரல்கள் கொதித்தன.

கேள்வி நேரத்தில் முதலில் இரும்புக்கடைக்காரர் எழுந்து, வரி மட்டும் வீடு தேடி வருவதாகவும் சாக்கடைத் தண்ணீருக்குத்தான் போகிற வழி தெரியாமல் தன் கடை வாசலிலேயே நிற்பதாகவும் சொன்னார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. ஆய்வு நடக்கிறது என்றார் மேயர். பிறகு தம்பி எழுந்தான். நடுவில் வந்து நின்று, மேயரை நேராகப் பார்த்து, கையை நீட்டி அவரைச் சுட்டினான்.

சைகையில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. விரல் சுட்டுகிறது, அவ்வளவுதான். மரியாதை முகத்தில் இருக்கும், அல்லது இருக்காது. தம்பியின் முகத்தில் இல்லை.

‘நீ விளக்கை அணைச்சே. என் பொண்டாட்டி கையை உன் லாரி நசுக்குச்சு. இன்னிக்கு இங்கயும் அணைச்சே. உனக்கு வெக்கமா இல்ல?’

அவள் மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனாள். மேடைப் படிக்குப் பக்கத்தில் செயலாளர் நின்றிருந்தார். அவர் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றார். அடுத்த மாத வாடகையும் அம்மாவின் மாத்திரைகளும் அவள் நாக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன.

“விளக்குகளை அணைச்சதால என் மனைவிக்கு ஒரு விபத்து நடந்துடுச்சு. இன்னிக்கு இங்கயும் கொஞ்சம் சிரமமா இருந்துது. இதைப் பத்தி நீங்க யோசிச்சுப் பார்க்கணும்னு கேட்டுக்கறேன்.”

மேயர் கனிவாகத் தலையசைத்துப் புன்னகைத்தார். யாரோ ஒருவர் இருமினார். அவ்வளவுதான்.

தம்பி அந்தப் புன்னகையைப் பார்த்தான். பிறகு திரும்பி, பின்வரிசைகள் வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். காது கேட்காதவன் பேரில் சொன்ன பொய் ரொம்ப நேரம் தங்காது. எதிரில் இருப்பவர்களின் முகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவளிடம் திரும்பினான். ‘நான் வெக்கமா இல்லையான்னு கேட்டேன். அவர் சிரிக்கிறார். நீ என்ன சொன்ன?’

அவள் மைக்கை மறு கைக்கு மாற்றினாள்.

‘இன்னொரு தடவ சொல்றேன். இப்ப சரியா சொல்லு.’ குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சைகையாக, மெதுவாக, பெரிதாகச் சொன்னான். முன்வரிசையில் யாரோ தலைகுனிந்தார்கள். இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில் யாரும் அவளை இப்படி அவமானப்படுத்தியதில்லை, அதற்கு அவள் இடம் கொடுத்ததும் இல்லை.

“விளக்கை அணைச்சீங்க,” என்றாள் மைக்கில். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “என் பொண்டாட்டி கையை உங்க லாரி நசுக்குச்சு. இன்னிக்கு இங்கயும் அணைச்சீங்க. உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

மன்றம் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தது. மேயரின் முகத்திலிருந்த புன்னகை எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“அம்மா, கொஞ்சம் நிதானமா,” என்றார் அவர், அவளைப் பார்த்து. தம்பியை அல்ல, அவளை. “உங்க வேதனை எனக்குப் புரியுது. உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க, இதுல மாநகராட்சி மேல தப்பு இல்லேன்னு. நான் அறிக்கையைப் படிச்சேன். டிரைவர் ஹாரன் அடிச்சிருக்கார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை.”

அவள் அதைச் சொல்ல வேண்டும். மேயராக, ‘நான்’ என்று. தம்பியின் கண்கள் அவள் கைகளில் இருந்தன, அவன் மனைவியின் கண்களும். ‘நான் அறிக்கையைப் படிச்சேன்,’ என்று நெஞ்சைத் தொட்டாள். ‘டிரைவர்’ என்று ஸ்டியரிங்கைப் பிடித்தாள். உள்ளங்கையால் காற்றில் ஹாரனை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது தடவை அழுத்தும்போது மாவுக்கட்டுக்குள் இருந்த கை அசைந்தது போல அவளுக்குத் தோன்றியது.

தம்பியும் ஹாரனை ஒருமுறை காற்றில் அழுத்தினான். காதைத் தொட்டான். இரண்டு கைகளையும் விரித்தான்.

“ஹாரன்,” என்றாள் அவள். “யாருக்கு?”

மன்றத்தில் சத்தம் இல்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அமைதியைத்தான் பொறுக்க முடியவில்லையோ, இல்லை விரல்களில் இருந்த சூடு அதற்குள் தொண்டைக்கு ஏறிவிட்டதோ, அவள் நிறுத்தவில்லை.

“யாருக்கு அடிச்சீங்க ஹாரன்? கேக்காதுன்னு ஊருக்கே தெரியும். மூணு தடவை என்ன, முப்பது தடவை அடிங்க! விளக்கு எரிஞ்சிருந்தா ஒரு தடவைகூட அடிக்க வேண்டியதில்லையே. என் வாயைக் கட்டிட்டு, கட்டுன கயித்துக்கு என்கிட்டயே வரியும் கேக்கறீங்க. அதைப் படம் போட்டுக் காட்டறீங்க. அதையும் இருட்டுல காட்டறீங்க! நான் சின்ன வயசுலேருந்து ஒவ்வொரு கவுண்ட்டர்லயும் நின்னு கெஞ்சிட்டிருக்கேன். ஆஸ்பத்திரியில, ஸ்கூல்ல, பேங்க்ல. என்னைப் பாக்காதீங்க, அவனைப் பாத்துப் பேசுங்க, அவனைப் பாத்துப் பேசுங்கன்னு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் பாத்ததில்ல. வலிக்காது வலிக்காதுன்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்க. இன்னும் என்ன இருக்கு பிடுங்க? இந்தாங்க, இதையும் எடுத்துக்கங்க!”

இரண்டு கைகளையும் மேயரை நோக்கி நீட்டியிருந்தாள். மைக் எப்படியோ கக்கத்தில் இருந்தது.

முதலில் கைதட்டியவர் இரும்புக்கடைக்காரர். அப்புறம் மன்றமே தட்டியது. பின்வரிசையில் எழுந்து நின்று தட்டினார்கள். வரிக்கு வந்த கோபம், சாக்கடைக்கு வந்த கோபம், குப்பை வண்டிக்கு வந்த கோபம் எல்லாம் அந்தத் தட்டலில் சேர்ந்துகொண்டன. அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் வாயில் தன் ருசி.

அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தாள்.

அவர்கள் யாரும் தம்பியைப் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பேர், அசையாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சண்டையை வேடிக்கை பார்ப்பவர்கள் போல. தம்பியின் கைகள் இரண்டும் தொடைகளின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எப்போது இறங்கின அவை? ‘யாருக்கு’ என்பதற்குப் பிறகு அவன் எதையுமே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டிருந்தான். அந்த அமைதியை அவன் அங்கே வேண்டுமென்றே வைத்திருந்தான், மனைவி எழுந்து வருவதற்காக. அவள் எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றும்விட்டாள். மாவுக்கட்டை வயிற்றோடு அணைத்து, இடது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, முதல் வார்த்தைக்கு விரல்களைக் கூட்டி வைத்தபடி. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ.

“நான் அரசியல்வாதிங்கறதுக்கு முன்னாடி டாக்டர்மா,” என்று மேயர் பேசத் தொடங்கியிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதனால்தான் இன்னும் மோசமாக இருந்தது. “உங்க குரல் என்னை என்னமோ பண்ணிடுச்சு. அந்தச் சந்துக்கு நாளைக்கே விளக்கு எரியும். இது உங்க குடும்பத்துக்கு நான் செய்ய வேண்டிய கடமை. எழுதிக்கங்க,” என்று செயலாளரிடம் சொன்னார். மறுபடியும் கைதட்டல். அந்த ஒரு சந்துக்கு. டிப்போ முனைக்கு இல்லை, மற்ற தெருக்களுக்கு இல்லை. கேட்டவனுக்கும் இல்லை.

தம்பி அக்காவையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ‘ஏன் தட்டறாங்க? நான் இன்னும் முடிக்கல. என்ன சொன்ன? யார் சொன்னது அது?’

அவள் கை தானாக உயர்ந்தது. ஒரு விரல், காற்றில் ஒரு சின்ன வளைவு. ‘அப்புறம்.’

காது கேளாதவர்கள் வாழ்நாளில் மிக அதிகமாகப் பார்க்கும் வார்த்தை அதுதான். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்க, என்ன என்று கேட்டால், அப்புறம் சொல்கிறேன். சாவு வீட்டில் எல்லோரும் அழ, என்ன ஆச்சு என்று கேட்டால், அப்புறம். அம்மா சொல்லியிருக்கிறாள், அப்பா சொல்லியிருக்கிறார், மாமாக்கள் அத்தைகள் வாத்தியார்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவள் மட்டும் சொன்னதில்லை. அந்த வளைவை முடிக்கும் முன் கையைக் கீழே இழுத்தாள். ஆனால் அவன் பார்த்துவிட்டான்.

அவன் கோபப்படவில்லை. கண்களை மூடிக்கொண்டான். காது கேட்கிறவர்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவார்கள். அவன் நின்ற இடத்திலேயே, இமைகளை மூடி, உள்ளே போய்விட்டான். இனி அவள் என்ன சொன்னாலும் அவனுக்குப் போகாது.

“அருமைம்மா,” என்றபடி செயலாளர் அவள் கக்கத்திலிருந்து மைக்கை மெல்ல உருவிக்கொண்டார். “நல்லபடியா முடிச்சீங்க. நான்கூடப் பயந்துட்டேன்.” பிறகு மைக்கில், மாண்புமிகு மேயருக்கு அடுத்த நிகழ்ச்சி இருப்பதாகவும், வந்திருந்த அனைவருக்கும் நன்றி என்றும் சொன்னார். நாற்காலிகள் தரையில் இழுபட்டன. இரும்புக்கடைக்காரர் தூரத்திலிருந்தே அவளுக்குக் கட்டைவிரலைக் காட்டினார். யாரோ ஒரு பெண்மணி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எங்க எல்லாருக்கும் சேத்துப் பேசிட்டேடிம்மா,” என்று விடாமல் குலுக்கினாள். மேயர் பக்கவாட்டுக் கதவை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார். வழியில் மறித்தவர்களிடமெல்லாம் நின்று, தலைசாய்த்துக் கேட்டு, தோளைத் தொட்டு, இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேடையின் விளிம்பில் செயலாளர் வைத்துவிட்டுப் போன மைக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

தம்பியின் மனைவி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கூட்டம் அவளைச் சுற்றிப் பிரிந்து வாசலுக்குப் போனது. தலைகளும் தோள்களும் கைப்பைகளும் குறுக்கே குறுக்கே கடந்தன. அந்த இடைவெளிகளில் ஒரு துண்டு கன்னம் தெரிந்தது, மாவுக்கட்டின் வெள்ளை தெரிந்தது, பிறகு உயர்த்திய இடது கை தெரிந்தது. பழக்கமில்லாத அந்தக் கை, ஒவ்வொரு எழுத்தையும் எட்டிப் பிடிக்கிற குழந்தையைப் போல, திக்கித் திக்கிச் சொன்னது. ஒரு தடியான மனிதர் குறுக்கே வந்து மறைத்தார். அவர் போன பிறகு அது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது:

‘அக்கா. நான் இன்னும் பேசல. எனக்குக் குரல் குடுக்கறியா?’